ரொம்பச் சுத்தமான படம்

அக்டோபர் 30, திங்கள்

பாலில் இன்றும் தண்ணீர். கேட்டால் பால்காரர், "மழையில மாடு நனைஞ்சு போச்சும்மா" என்கிறார். மாடு நனைந்தால் பால் எப்படி நீர்க்கும் என்று கேட்டேன். சைக்கிள் மணி மட்டும் கேட்டது. நாளை முதல் பாக்கெட் பால்.

என் வீட்டுக்காரர் சந்தானம் சிரிக்கிறார். "உன்கிட்ட கல்யாணப் பத்திரிகை கொடுத்தாக்கூட முகூர்த்தம் சரிதானான்னு காலண்டரைப் பார்ப்பே" என்றார். பார்ப்பேன்தான். ஒருமுறை அப்படிப் பார்த்துத் தப்பும் கண்டுபிடித்திருக்கிறேன். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்கு ஆய்வகத்தில் சம்பளம் தருகிறார்கள். அதை வீட்டு வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர எனக்குத் தெரியவில்லை.

இந்த நோட்டை இன்று எடுத்ததற்குக் காரணம் பால் அல்ல, பிரிட்டோ. என்னிடம் பிஎச்.டி. செய்யும் தூத்துக்குடிப் பையன். இன்று ஒரு படம் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான்.

பின்னால் நானே படித்தால் புரிய வேண்டும் என்பதால் விவரமாக எழுதுகிறேன். அணு உலைக்குள் இருக்கும் எஃகு, கதிர்வீச்சு பட்டுப் பட்டு உள்ளுக்குள் பொத்தல் விடும். தலைமுடி ஒன்றின் குறுக்கே ஆயிரக்கணக்கில் அடுக்கலாம், அவ்வளவு சின்னப் பொத்தல்கள். பொத்தல் பெருகினால் எஃகு வீங்கும், பிறகு உடையும். அந்தப் பொத்தலைச் சுற்றி எந்த உலோகம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் அளப்பதுதான் எங்கள் பிழைப்பு. எலக்ட்ரான் கற்றை புள்ளி புள்ளியாக நகர்ந்து, இந்த இடத்தில் இரும்பு இவ்வளவு, நிக்கல் இவ்வளவு என்று எண்ணி நிறம் தீட்டும். ஒரு படம் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை சாம்பிள் இம்மி அசையக் கூடாது.

பொத்தலின் ஓரத்தில் நிக்கல் போய்ச் சேரும். அது ஊரறிந்த விஷயம். ஆனால் சுற்றிலும் சமமாகச் சேராது, ஒரு பக்கமாகச் சாய்ந்து சேரும். இது நான் கண்டுபிடித்தது. நான்கு வருடத்துக்கு முன் கட்டுரையாக வந்தது. கருத்தரங்கு ஒன்றில் ஒரு ஜப்பான்காரர் 'ரேணுகா சாய்வு' என்றே அதைச் சொன்னார். அதற்குக் கிடைத்த கேடயம் ஹாலில், டிவிக்கு மேல் பலகையில் இருக்கிறது.

பிரிட்டோவின் படத்தில் சாய்வு இல்லை. பொத்தலைச் சுற்றி நிக்கல், வளையல் போட்ட மாதிரி, எல்லாப் பக்கமும் ஒரே பருமன். பிசிறு இல்லை, மங்கல் இல்லை. நிஜமான படத்தில் ஏதாவது ஒரு அழுக்கு இருக்கும். இது ரொம்பச் சுத்தம்.

"எங்க, எப்போ எடுத்தே? யார் பார்த்தாங்க?" என்று கேட்டேன்.

"நம்ம மெஷின்லதான் மேடம். நான் மட்டும்தான்" என்றான். எப்போது என்பதை மட்டும் விட்டுவிட்டான். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். ஏசி அறையில் யாருக்காவது வேர்க்குமா?

அக்டோபர் 31, செவ்வாய்

அவன் சொல்லாவிட்டால் என்ன, கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது. அந்தப் படத்தின் தேதி அக்டோபர் 23. ஆயுத பூஜை.

எங்கள் கட்டடத்தில் ஆயுத பூஜை என்றால் சும்மா இல்லை. தரைத்தளத்து லேத் மெஷினிலிருந்து லிஃப்ட், ஜெனரேட்டர், மொட்டைமாடி ஏசி பிளாண்ட் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. வருடத்தில் வேறு ஒருநாள் கூட நிற்காத ஏசி பிளாண்ட்டைக்கூட அன்று பூஜை முடிந்ததும் நிறுத்திவிடுவார்கள், மறுநாள் காலையில்தான் மறுபடி ஓடும். மைக்ராஸ்கோப்பை மட்டும் முழுதாக அணைக்க முடியாது, அதன் பம்பு தனியாக ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் பொட்டு வைத்த பிறகு யாரும் அதைத் தொடமாட்டார்கள். பதினேழு வருட சர்வீஸில் நானே தொட்டதில்லை. எங்கள் துறைத்தலைவர் நாச்சியப்பன் சார் இதில் ரொம்பக் கறார். வருஷம் முழுக்க உழைக்கிற மெஷினுக்கு ஒருநாள் லீவு விடக்கூடாதா என்பார்.

அன்று பூஜைக்குப் பிரிட்டோவும் வந்தான். பொரிகடலை வாங்கிச் சாப்பிட்டான், குரூப் போட்டோவில் ஓரமாக நிற்கிறான். அவன் கிறிஸ்தவன் என்பதால் மனதில் ஏதோ வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு அப்படி எந்த எண்ணமும் கிடையாது.

விஷயம் இதுதான். மெஷின் ஓடாத நாளில் மெஷினில் எடுத்த படம் எப்படி வரும்? கையால் உண்டாக்கினால் வரும். பொய் சொல்கிறவன் தேதியிலாவது ஜாக்கிரதையாக இருக்க வேண்டாமா.

இன்னொன்று ஞாபகம் வருகிறது. பூஜைக்கு மறுநாள் நான் உள்ளே போனபோது கன்ட்ரோல் பேனலில் வைத்த குங்குமப் பொட்டு தேய்ந்து இழுபட்டிருந்தது. பெருக்க வரும் அம்மாவைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை கேட்டேன். "நான் கிட்டகூட போவல மேடம்" என்று சாதித்தார். ஒருவர் விடாமல் எல்லாரும் பொய் சொல்கிறார்கள்.

நவம்பர் 1, புதன்

பாக்கெட் பாலும் நீர்தான்.

நவம்பர் 3, வெள்ளி

பிரிட்டோவை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"இருபத்து மூணாம் தேதி மெஷின் ஓடலையே, பிரிட்டோ?"

"ஓடுச்சு மேடம்."

"யார் திறந்து விட்டாங்க?"

சட்டைப் பட்டனைத் திருகினான்.

"சாவி நம்ம டெக்னீஷியன் தணிகாசலத்துகிட்ட இருக்கு. அவர்தான் அன்னிக்கு பூஜையே போட்டார். பூஜை போட்ட கையால அவரே உனக்குத் திறந்து விட்டாரா?"

"அதை மட்டும் கேக்காதீங்க மேடம். படம் நெசம். வேணும்னா உங்க முன்னாடியே திரும்ப எடுத்துக் காட்டுதேன்."

"இதுக்கு முன்னாடி திரும்ப எடுத்துப் பார்த்தியா?"

"பார்த்தேன் மேடம், கூடப் படிக்கிறவனோட நேரத்துல. வரலை. அன்னைக்கு மட்டும்தான் வந்துச்சு. ஏன்னு எனக்கும் தெரியலை."

நல்லவேளை, இதையாவது உண்மையாகச் சொன்னான். ஒரு நாள் வந்து மறுநாள் வராத விஷயத்துக்கு அறிவியலில் பெயர் இல்லை. ஊரில் அதற்கு வேறு பெயர் உண்டு.

அவனுக்கு உதவித்தொகை டிசம்பரோடு முடிகிறது. அதற்குள் ஏதாவது கண்டுபிடித்தாக வேண்டும். அவசரம் மனிதனை எதையும் செய்ய வைக்கும். ஆறு மாதமாக மெஷினில் நேரம் கேட்டுக்கொண்டே இருந்தான். கொடுக்க முடியவில்லை. மெஷின் நேரத்தை நான்தான் பங்கிடுகிறேன், என்னென்னவோ நெருக்கடிகள்.

நவம்பர் 6, திங்கள்

தணிகாசலம் பழைய ஆள். நான் சேர்ந்த நாளிலிருந்து தினமும் பதினோரு மணிக்கு எனக்கும் சேர்த்து டீ வாங்கி வருவார். போன வாரத்திலிருந்து டீ வருகிறது, ஆள் வருவதில்லை. கேன்டீன் பையனிடம் கொடுத்தனுப்புகிறார். இன்று வராந்தாவில் எதிரே பார்த்தபோது செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். போன் அடிக்கவே இல்லை.

இவரும் இதில் கூட்டா?

நவம்பர் 8, புதன்

நாச்சியப்பன் சாரிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருந்தால் நாளைக்கு என் பெயரும் சேர்ந்து கெடும். படத்தைக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"ரேணுகா, இவன் உங்க ஸ்டூடண்ட். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. விசாரணைன்னு உட்கார்ந்தா, படம் பொய்னு ஆச்சுன்னா, பதிவையே ரத்து பண்ணிடுவாங்க. அஞ்சு வருஷப் படிப்பு போயிடும். வேற எங்கயும் சேத்துக்க மாட்டாங்க."

"யோசிச்சுட்டேன் சார்" என்றேன்.

21ஆம் தேதி விசாரணை. வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் வருவார். என் அறிக்கைதான் முக்கியம். அதற்கு முன் பிரிட்டோ என் கண்ணெதிரே ஒருமுறை எடுத்துக் காட்ட வேண்டும் என்று நானே சொன்னேன். நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

வரும் வழியில் காஸ் சிலிண்டர் புக் செய்தேன். தீபாவளிக்குள் வருமா என்று தெரியவில்லை.

நவம்பர் 10, வெள்ளி

இன்று காலை முழுவதும் மைக்ராஸ்கோப் அறையில். பிரிட்டோ, நான், மூலையில் தணிகாசலம். அந்த அறையில் எப்போதும் குளிர். கூரையிலிருந்து ஏசி காற்று நேராக இறங்கி மெஷினின் தோளில் அடிக்கும். நான் எப்போதும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்காருவேன்.

அவன் வேலை செய்வதை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. கை சுத்தம். குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்று பொத்தல்களைப் படம் எடுத்தான். மூன்றிலும் நிக்கல் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. என் கட்டுரையிலும் வலப்பக்கம்தான். எத்தனை எடுத்தாலும் வலப்பக்கம்தான் வரும்.

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "மேடம், சாம்பிளைத் திருப்பி வெச்சு ஒருதடவை எடுப்போமா?"

சாய்வு எஃகுக்குள் இருந்தால், எஃகைத் திருப்பினால் சாய்வும் கூடவே திரும்பும். திரும்பாவிட்டால் அது எஃகில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது. இதுதான் அவன் சொல்வது. முதல் வருட மாணவனுக்கும் தெரிந்த சங்கதி. இதையே மார்ச் மாதமும் கேட்டான், என் கட்டுரையைப் பற்றி. "நீங்க திருப்பி வெச்சு எடுத்தீங்களா மேடம்?" என்று. அவன் கேட்ட விதம் எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. அதன்பிறகு மெஷின் நேரம் எல்லாருக்குமே நெருக்கடியாகிவிட்டது.

இன்றும் நேரம் இல்லை என்று சொல்லி எழுந்துவிட்டேன். நிஜமாகவே மணி ஒன்றாகியிருந்தது.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. சிலிண்டர் வரவில்லை, பக்கத்து வீட்டில் கடன் வாங்கி வடை சுட்டேன். சந்தானம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சாப்பிடும்போதும் கணக்குதான் பேசுவார். இன்று வடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அந்தப் பையன் பொய் சொல்றான்னே வெச்சுக்குவோம். பொய் சொல்றவன் உனக்குப் பிடிச்ச மாதிரி இல்ல சொல்லுவான்? சாய்வோட ஒரு படம் போட்டுக் கொடுத்திருந்தா நீயே தட்டிக் கொடுத்திருப்பே. உன்னை எதிர்த்து எதுக்குடி பொய் சொல்லணும்?"

"உங்களுக்கு ஆராய்ச்சியைப் பத்தி என்ன தெரியும்?" என்று கத்திவிட்டேன். பட்டாசுச் சத்தத்தில் அக்கம்பக்கத்துக்குக் கேட்டிருக்காது. சட்னியில் உப்பு போட மறந்திருந்தேன். அவர் அப்படியே தொட்டுச் சாப்பிட்டார்.

நவம்பர் 14, செவ்வாய்

அறிக்கையை எழுதி முடித்தேன். "மேற்படி நாளில் கருவி இயக்கப்பட்டதற்கான சான்று இல்லை. மறுபரிசோதனையில் முடிவு மெய்ப்படவில்லை. பதிவை ரத்து செய்யப் பரிந்துரைக்கிறேன்." நறுக்கென்று இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை. பேனா மை தீர்ந்துபோயிருந்தது.

நவம்பர் 16, வியாழன்

மதியம் தணிகாசலம் கதவைத் தட்டினார். கையில் டீ, அவரே கொண்டுவந்திருந்தார். வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"மேடம், நான்தான் தொறந்து வுட்டேன்."

"எதை?"

"மெஷினு ரூமை. ஆயுத பூஜை அன்னிக்கு. எல்லாரும் போனதுக்கப்புறம்."

நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"புள்ள ஆறு மாசமா ஸ்லாட்டு கேட்டுக்கினே இருந்தான். உங்ககிட்டயும் கேட்டான். அன்னிக்கு மெஷினு சும்மாதான நிக்கப்போவுது. சாமிகிட்ட ஒருவார்த்த சொல்லிட்டுத்தான் மேடம் தொறந்தேன். தனியா வுட்டுட்டு ஊட்டுக்குப் போனது தப்பு. சாயங்காலம் வந்து பாக்கறேன், ஏசி வேற கெடையாது, வேர்த்து ஊத்துது. சட்டயக் கழட்டிப் போட்டுட்டு, ஒரு துண்டக் கட்டிக்கினு, அசையாம உக்காந்துக்கினு இருக்கான். பொட்டு வேற கலைஞ்சு போச்சு. நான்தான் திரும்ப வெக்கறேன்னு வெச்சு, அதுவும் சரியா வெக்கல."

"இதை ஏன் அவன் சொல்லலை?"

"ஜனவரில எனக்கு ரிட்டயர்மென்ட். ஸ்டூடண்ட்ட தனியா மெஷின்ல வுட்டேன்னு மெமோ கொடுத்தா பென்சனு இழுத்துக்கும். சொல்லாதடான்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். இப்ப அவன் படிப்பே போவப்போவுதுன்னு சொல்றாங்க. மனசு கேக்கல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க என்ன வேணா எழுதிக்கோங்க மேடம்."

அவர் போன பிறகு டீ ஆறிப்போயிருந்தது. அப்படியே குடித்தேன்.

சரி, மெஷின் ஓடியிருக்கிறது. அதனால் படம் உண்மை என்று ஆகிவிடுமா? ஆகாது. எடுத்த பிறகும் திருத்தலாம். அன்று வந்தது பிறகு ஏன் வரவில்லை? அன்றைக்கு அப்படி என்ன வித்தியாசம்?

ஏசி வேற கெடையாது என்று அவர் சொன்னதை எதற்காக வார்த்தைக்கு வார்த்தை எழுதி வைத்தேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 17, வெள்ளி

மைக்ராஸ்கோப் அறையில் யாரும் இல்லாதபோது போனேன். ஒரு டிஷ்யூ காகிதத்தை நீளமாகக் கிழித்து, மெஷினின் தோள் பக்கம் பிடித்தேன். சாம்பிளைச் செருகும் கம்பி அங்கேதான் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. காகிதம் தொங்கவில்லை. ஒரு பக்கமாகப் படபடத்தது.

எந்தப் பக்கம் என்று எழுத விருப்பமில்லை.

நவம்பர் 18, சனி

இன்று லீவு நாள். ஏசி பிளாண்ட் ஆபரேட்டரிடம் போய், எங்கள் அறைக்கு மட்டும் காலையில் காற்றை நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டேன். "ஏன் மேடம், ரொம்பக் குளிருதா?" என்றார். ஆமாம் என்றேன். ரூமைத் திறந்துவிட வந்த தணிகாசலத்தை டீ குடிக்க அனுப்பினேன். கதவைச் சாத்திக்கொண்டேன்.

யாரும் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். ஒன்றும் வராது, வராததைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம் என்றும் நினைத்தேன். என் கட்டுரைக்கு எடுத்த அதே எஃகுத் துண்டு, பத்திரமாக வைத்திருக்கிறேன், அதையே உள்ளே வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் வேர்க்க ஆரம்பித்தது. ஸ்வெட்டரைக் கழற்றினேன். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துத் துடைத்துத் தலைப்பே நனைந்துவிட்டது. எழுந்து நடந்தால் அறை அதிரும் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தேன். திரையில் மேலிருந்து வரிவரியாக நிறம் இறங்கியது. முதலில் பொத்தலின் மேல் விளிம்பு. பிறகு இரண்டு பக்கமும். இடப்பக்கமும் நிக்கல் ஏறியது. வலப்பக்கம் எவ்வளவோ இடப்பக்கமும் அவ்வளவு. கீழ் விளிம்பு வந்து மூடியபோது முழு வளையல்.

ரொம்பச் சுத்தமாக இருந்தது.

குளிர்ந்த காற்று அந்தக் கம்பியின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டிருக்கிறது. கம்பி இம்மி இம்மியாக நகர்ந்திருக்கிறது. கம்பியோடு சாம்பிளும் நகர்ந்து, படத்தில் நிக்கல் ஒரு பக்கமாக இழுபட்டிருக்கிறது. எஃகில் எந்தச் சாய்வும் இல்லை. இருந்ததெல்லாம் என் அறையில். காற்று நிற்கிற ஒரே நாளில் நாங்கள் எல்லாரும் பொட்டு வைத்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்விடுகிறோம். போகாமல் உட்கார்ந்தவன் அவன் ஒருத்தன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது, ஆனால் பயம்தான் அதிகம். ரேணுகா என்றால் அந்தச் சாய்வுதான், அதைத் தவிர என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

படத்தை அழிக்கவில்லை. அழித்தால் யாருக்கும் தெரியாது என்று தோன்றியது. தோன்றியதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 19, ஞாயிறு

இட்லி மாவு புளித்துவிட்டது. கேடயத்தை இறக்காமல், நின்ற இடத்திலேயே துடைத்தேன். சந்தானம் ஏன் என்று கேட்டார். தூசி என்றேன்.

நவம்பர் 21, செவ்வாய்

கையெழுத்துப் போடாத அறிக்கை ஒரு கையில். சனிக்கிழமைப் படம் இன்னொரு கையில். கூட்ட அறை வாசலில் பெஞ்சில் பிரிட்டோ உட்கார்ந்திருந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "குட்மார்னிங் மேடம்" என்றான். எப்போதும் சொல்வதுபோலத்தான் சொன்னான். நான் தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே நாச்சியப்பன் சாரும் வெளியிலிருந்து வந்த பேராசிரியரும். நான் படத்தை மேஜையில் வைத்தேன்.

"சார், பையன் எடுத்த படம் சரி. ஏசி காத்து நின்னா சாய்வு வரலை. நான் எடுத்துப் பார்த்துட்டேன்."

நாச்சியப்பன் சார் கண்ணாடியை ஏற்றினார். "ரொம்பச் சுத்தமா இருக்கே, ரேணுகா. எப்போ எடுத்தீங்க? யார் பார்த்தாங்க?"

"சனிக்கிழமை சார். நான் மட்டும்தான்."

"யாருமே இல்லையா? தணிகாசலம்?"

"அவரை டீ குடிக்க அனுப்பிட்டேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேராசிரியர் மெதுவாகக் கேட்டார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. ஆயுத பூஜை அன்னிக்கு மெஷினே ஓடலைன்னு புகார் கொடுத்தீங்க. இன்னிக்கு ஓடிச்சுங்கிறீங்க. அன்னிக்கு ரூமை யார் திறந்தாங்க?"

"மெஷின் ஓடினது எனக்கு உறுதியாத் தெரியும். யார் திறந்தாங்கன்னு மட்டும் கேக்காதீங்க சார்."

"கேக்கக் கூடாதுன்னா எப்படி மேடம்? மாணவன்மேல இரக்கப்பட்டு, நீங்களே இதை உண்டாக்கலைன்னு நாங்க எப்படி நம்பறது?"

அவர் முகத்தில் கோபமே இல்லை. புருவத்தைக் கொஞ்சம் தூக்கி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, காத்திருந்தார். அந்த முகம் எனக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். அதற்கு எதிரில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று மட்டும் இதுவரை தெரியாது. உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு கைக்குட்டையைத் தேடினேன்.

பிரிட்டோவை உள்ளே கூப்பிட்டார்கள். நாச்சியப்பன் சார் என் படத்தை அவன் பக்கம் தள்ளினார். "உங்க மேடம் எடுத்ததாம். நீ என்ன சொல்றே?"

அவன் ரொம்ப நேரம் பார்த்தான். ஆமாம், இதுதான், நான் சொல்லவில்லையா என்று குதித்திருக்கலாம். பிழைத்தோம் என்று எனக்குக் கும்பிடு போட்டிருக்கலாம். அவன் தலையைத் தூக்கி என்னிடம் கேட்டான்:

"மேடம், சாம்பிளைத் திருப்பி வெச்சு எடுத்தீங்களா?"

மார்ச் மாதம் கேட்ட அதே கேள்வி, அதே குரல். அதில் குத்தலே இல்லை என்று இன்றுதான் காதில் விழுந்தது. தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறான்.

"இல்லை" என்றேன். "சனிக்கிழமையும் இல்லை, பிரிட்டோ. நாலு வருஷத்துக்கு முன்னாடியும் இல்லை."

பேராசிரியர் பேனாவை மூடி வைத்தார்.

நவம்பர் 22, புதன்

நாளை எல்லார் முன்னாலும் எடுத்துப் பார்ப்பதாக முடிவு. சாம்பிளைத் திருப்பியும் திருப்பாமலும், காற்றோடும் காற்றில்லாமலும். அதுவரை அவன் பதிவைத் தொடமாட்டார்கள். முகம் துடைக்க ஒரு துண்டு எடுத்துப் பையில் வைத்தேன்.

பெருக்க வரும் அம்மாவிடம், பொட்டை அவர் கலைக்கவில்லை என்று தெரிந்துவிட்டது என்றேன். "அத்த அன்னிக்கே சொன்னேனே மேடம்" என்றார். சொன்னார்தான்.

நவம்பர் 23, வியாழன்

காற்றோடு எடுத்தபோது சாம்பிளை எப்படித் திருப்பி வைத்தாலும் நிக்கல் திரையின் வலப்பக்கமே சாய்ந்தது. எஃகு திரும்பியது, சாய்வு திரும்பவில்லை. காற்றை நிறுத்தியதும் வளையல். திருப்பினாலும் வளையல். பிரிட்டோ மெஷினில் உட்கார்ந்தான், நாங்கள் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பேராசிரியர் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டு, "இது போதும், எழுதிடலாம்" என்றார். பிரிட்டோவின் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று எழுதி, அங்கேயே கையெழுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன். பேனாவில் மை இருந்தது.

ரூமைத் திறந்தது யார் என்று யாரும் மறுபடி கேட்கவில்லை. நாச்சியப்பன் சார் வெளியே போகும்போது தணிகாசலத்தைப் பார்க்காமலே, "அடுத்த வருஷம் பூஜை முடிஞ்சதும் மெஷினை இந்தப் பையனுக்கே கொடுத்துடுங்க" என்றார். தணிகாசலம் ஓடிப்போய் ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்துக்கொண்டு வந்து, ஏணி போட்டு ஏறி, ஏசி வாயை மறைத்துக் கட்டினார். நான்கு வருடச் சாய்வு ஒரு அட்டைப்பெட்டியில் தீர்ந்தது.

எனக்கு வேர்த்து ஊற்றியது. கொண்டுபோன துண்டை எங்கேயோ வைத்துவிட்டேன். பிரிட்டோ தன் துண்டை நீட்டினான். "புதுசுதான் மேடம்" என்றான். வாங்கி முகத்தை மூடிக்கொண்டேன். எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"என்னை மன்னிச்சுடு பிரிட்டோ" என்று துண்டுக்குள் இருந்தபடியே சொன்னேன். அவன் காதில் விழுந்ததா என்று தெரியாது. "அடுத்த சாம்பிளை ஏத்தட்டுமா மேடம்?" என்று கேட்டான்.

வீட்டுக்கு வந்து, அந்தக் கட்டுரை தவறு என்று பத்திரிகைக்கு எழுதி அனுப்பினேன். காரணத்தைக் கண்டுபிடிக்க வழிசெய்தவர் என்று அவன் பெயரை முதலில் போட்டேன். சந்தானம் பின்னால் நின்று படித்தார், போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார். பால் நீர்த்திருந்தது. அவரே தண்ணீர் ஊற்றினாரோ என்னவோ, கேட்கவில்லை.

பிறகு கேடயத்தை எடுத்து அலமாரிக்குள் வைத்தேன். பலகையில் அது இருந்த இடம் மட்டும் சுத்தமாக, வட்டமாக இருந்தது. சுற்றிலும் தூசி. கிட்டப் போய்ப் பார்த்தேன், எல்லாப் பக்கமும் சமமாகத்தான் படிந்திருந்தது. நாளைக்குத் துடைக்க வேண்டும்.